கொக்கிக்குக் கீழே டீ

பிப்ரவரி 3

அன்புள்ள குரங்குத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மருமகளும் சுகம். நீ சுகமா என்று போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. நீயும் உன் அத்தானும் ஒரே அறையில் இருக்கிறீர்கள். நான் கேட்கப்போவதற்கு அவர் காதுபட உன்னால் பதில் சொல்ல முடியாது.

உன் அத்தான் ஒழுங்காக வேலை செய்கிறாரா? முந்தைய இரண்டு வேலையும் எப்படிப் போயின என்று உனக்கே தெரியும். கிடங்கில் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து தூங்கினார். அடுத்தது காவல் வேலை, நாற்காலி வேறு கொடுத்தார்கள், கேட்கவா வேண்டும்! மூன்றாவதாக நீ சொல்லித்தான் அந்தக் கட்டட வேலையில் உன் கிரேனுக்குக் கீழே சிக்னல் கொடுக்கும் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நிற்க வேண்டிய வேலை என்றதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சிக்னல் வேலை விளையாட்டில்லை என்று அவருக்கு எடுத்துச் சொல். என் ரெண்டு விசில் காதில் விழாமல் என் டிரைவர் பஸ்ஸை நகர்த்த மாட்டார். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கிறவர்களின் உயிர் என் விசிலில் இருக்கிறது. அங்கே மேலே இருப்பது நீ, கீழே நிற்பது அவர். எனக்கு இருக்கிற இரண்டு ஆண்பிள்ளைகளையும் ஒரே கயிற்றில் கட்டி விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன் கண் எப்படி? போன வருஷம் ஒரு மாதம் மங்கலாகத் தெரிகிறது என்றாயே. வெயில் கூச்சம் என்றாய். ஒளிக்காமல் எழுது.

தபால்காரரை முறைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் மருமகளும் சுகம் என்று படித்ததில் நிம்மதி. இங்கே நானும் சுகம். கண் எப்போதோ சரியாகிவிட்டது.

அத்தானைப் பற்றிக் கேட்டாய். அவர் என் கண், நான் அவர் கை. மேலே கேபினிலிருந்து பார்த்தால் கீழே இருப்பவர்கள் எல்லாம் மஞ்சள் ஹெல்மெட்தான். சரக்கு எங்கே தொங்குகிறது, யார் தலைக்கு மேலே போகிறது என்று அவர் வாக்கி டாக்கியில் சொல்லச் சொல்ல நான் லீவரை நகர்த்துகிறேன். "இடது பக்கம் வா... வா... மெல்ல... நில்லு." குரல் மட்டும் நன்றாக இருக்கிறது.

ஆனால் அக்கா, மனுஷனுக்கு ஒரு வியாதி பிடித்திருக்கிறது. டீ! காலையில் பரவாயில்லை. வெயில் ஏற ஏற, எங்கே எந்த வேலை நடந்தாலும், "தம்பி, கொக்கியத் தூக்கி நிறுத்து. டீ" என்கிறார். கீழே நிற்கிறவர் நிறுத்து என்றால் நான் நிறுத்தியே ஆக வேண்டும், அதுதான் சட்டம். பத்து நிமிஷம் எல்லாம் அப்படியே நிற்கும். அவர் டம்ளரும் கையுமாக மணல் குவியல் பக்கம் ஆடி அசைந்து போவது எனக்கு மேலிருந்து தெரிகிறது. சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறார். ஆட்கள் அவருக்கு 'டீ மாஸ்டர்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாயங்காலமானால் கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

உன்,
தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை டிப்போவில் வைத்துப் படித்தேன். கோபத்தில் அன்றைக்குச் சில்லறை கேட்ட அத்தனை பேரையும் கடித்துக் குதறினேன். உடம்பு நன்றாக இருந்தும் வளைய மாட்டேன் என்கிறாரே, இந்த மனுஷனை என்ன செய்வது? வீட்டில் காபியைத் தவிர வேறெதையும் தொடாதவர், அங்கே வந்து டீக்கு அடிமையாகிவிட்டாராக்கும்! சூப்பர்வைசர் எதுவும் முடிவு செய்வதற்கு முன்னால் எனக்குச் சொல்.

அது சரி, அசதி என்று எழுதியிருக்கிறாயே, என்ன அசதி? நம் வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னால் அப்பா என்ன செய்வார் என்று உனக்கு நினைவிருக்கும். அதைச் சொல்லாத ஒரே ஆள் நீதான். சாப்பாடு சரியில்லையா? தூக்கம் இல்லையா? பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். இந்தக் கடிதத்தையே இரண்டு தடவையாக எழுதுகிறேன், அதனால் கீழ்ப்பாதி எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

சூப்பர்வைசர் அத்தானைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "இனி வேலை நேரத்துல ஒரு தடவ டீன்னு சொன்னா, அதுதான் உங்களுக்குக் கடைசி டீ." அத்தான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மறுநாள் மத்தியானம் மறுபடியும், "தம்பி, டீ." அன்றைக்கு சூப்பர்வைசர் லீவு, பிழைத்தார். நான் சொன்னால் சிரிக்கிறார். நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

என் அசதியைப் பற்றிக் கவலைப்படாதே. அத்தானின் சோம்பல் எனக்கும் தொற்றிவிட்டது போல.

உன்,
தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு வார்த்தையா? ஒன்பது சொன்னேன். போனில் பிடித்து, "இனி வேலை நேரத்துல டீன்னு வாயத் தொறந்தா என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்றேன். வழக்கமாக ஏதாவது ஜோக் அடித்து நழுவுவார். அன்றைக்கு அடிக்கவில்லை. பிறகு, "சரி. ஆனா எதுக்கும் தம்பியக் கேட்டுக்கோ" என்றார்.

உன்னிடம் என்னத்தைக் கேட்பது? நீதானே எழுதினாய்? அன்றையிலிருந்து எனக்கு மனசு ஒரு மாதிரியாக இருக்கிறது. கேட்கச் சொன்னார், கேட்கிறேன். என்னடா விஷயம்?

அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்காமல் அனுப்பிவிட வேண்டும்.

நீ சொன்ன நாளிலிருந்து அத்தான் டீ என்று சொல்லவில்லை. நான்காம் நாள் மத்தியானம் கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கினேன். அது ஆள் உயரத்துக்கு மேலே போனபோது என் வலது கை கனத்தது. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. நகரு என்கிறேன், வேறு யாருக்கோ சொல்கிறான் என்பது போலக் கை சும்மா இருக்கிறது. இடது கையால் வலது கையைப் பிடித்துத்தான் லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தேன். கீழே பார்த்தால் ஒரே ஒரு ஹெல்மெட்தான். எல்லாரையும் அத்தான் எப்போதோ விரட்டியிருக்கிறார். கொக்கிக்குக் கீழே அவர் மட்டும் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் எனக்குக் கை தளரத் தொடங்கும் நேரத்துக்கும் அவருக்கு டீ வேண்டியிருக்கும் நேரத்துக்கும் ஒரு தடவைகூடப் பிசகு வந்ததில்லை. பத்து நிமிஷம் கையை மடியில் போட்டு உட்கார்ந்தால் பலம் திரும்பி வந்துவிடும். அதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, போன வருஷம் கண் மங்கியது வெயில் கூச்சம் இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். நோயின் பேர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். டாக்டர் கைப்பிடிப் பலம் பார்க்கும் ஒரு கருவியைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். முதல் தடவை முள் நன்றாக ஏறியது. விடாமல் அமுக்கச் சொன்னார். ஏறிய முள் என் கண்ணெதிரே இறங்கியது. "தசை பெருசா கெடல. மூளை அனுப்புற கட்டளைதான் வர்ற வழியில தேஞ்சு போகுது. ஒயர் மேல உறை உரிஞ்ச மாதிரின்னு வச்சுக்குங்க. சூடு பட்டா இன்னும் சீக்கிரம் தளரும். இது சோம்பல் இல்ல, மனசால தள்ளிக்கிட்டுப் போகவும் முடியாது" என்றார். கிரேனில் ஏறக் கூடாது என்றும் சொன்னார்.

கம்பெனி பரிசோதனை காலையில் நடக்கும். ஒரே ஒரு தடவை அமுக்கச் சொல்வார்கள். பாஸ் ஆகிவிட்டேன்.

அறைக்கு வந்து, "அத்தான், எப்போலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன். "எது?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டார்.

மேல்தளம் முடியட்டும், நானே இறங்கிவிடுகிறேன். அதுவரை யாரிடமும் சொல்லாதே.

உன்,
தம்பி


மே 9

தம்பி,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இறங்கு. மேல்தளமும் வேண்டாம், கீழ்த்தளமும் வேண்டாம், இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் இறங்கு.

உனக்கு நோய் என்று படித்ததும் அழுதேன். அடுத்த வரியில், அந்தக் கைக்குக் கீழே என் புருஷன் நிற்கிறார் என்று புரிந்ததும் அழுகை நின்றுபோய்விட்டது. இரண்டில் எதற்கு அழுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அவருக்குப் போன் போட்டேன். முதல் வாரத்திலேயே தெரியுமாம். "காலையில கொக்கி ஆடல, மத்தியானம் ஆடுது. ஏணியில ஏறறப்ப நிக்காம ஏறறான், இறங்கறப்ப ரெண்டு எடத்துல நின்னு இறங்கறான். பார்த்தா தெரியாதா?" என்றார். ஏன் மேலே சொல்லவில்லை என்றேன். "சொன்னா இறக்கிடுவாங்க. இறக்கிட்டா அவன் என்ன ஆவான்னு எனக்குத் தெரியல" என்றார். நீங்களாவது அங்கேயிருந்து நகருங்கள் என்று கத்தினேன். "நான் நகந்தா அங்க வேற ஒருத்தன் நிப்பான். அவனுக்கு இது தெரியாதே" என்றார்.

நான் போட்ட தடையை எடுத்துவிட்டேன். மூச்சுக்கு மூச்சு டீ கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும். இந்த மாதம் முடிவதற்குள் நீயாகச் சொல்லாவிட்டால் நானே உன் சூப்பர்வைசருக்குப் போன் போடுவேன். சொன்னால் செய்கிறவள் நான்.

அக்கா


மே 24

அக்காவுக்கு,

மருமகள் சுகமா? நான் சுகம்தான், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

மிரட்டாதே. தரையில் நடந்தால் நான் காலை இழுத்து நடக்கிறவன். கேபினில் உட்கார்ந்துவிட்டால் பத்து பேர் சேர்ந்து அசைக்க முடியாததைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பூ மாதிரி வைக்கிறவன். அங்கே இருக்கும்போது நான் நோயாளி இல்லை. அந்த ஒரு இடத்தையும் பிடுங்கிக்கொண்டு என்னை எங்கே உட்காரவைக்கப் போகிறாய்? உன் வீட்டுக் கூடத்திலா?

கனமான சரக்கையெல்லாம் காலையிலேயே ஏற்றிவிடுகிறேன். அத்தான் பழையபடி டீ டீ என்கிறார். வேறு சிக்னல்காரர் கிடைக்கும் வரை என்று சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். முன்னால் அது டீயாக இருந்தது. இப்போது ஒவ்வொரு தடவையும் "நீ நோயாளி, நீ நோயாளி" என்று வாக்கி டாக்கியில் கத்துகிற மாதிரி இருக்கிறது. அவரை நிறுத்தச் சொல்.

தம்பி


ஜூன் 7

என் வீட்டுக் கண்டக்டருக்கு,

நான்தான். கல்யாணமாகி நான் எழுதும் முதல் கடிதம், இடது கையால் எழுதுகிறேன். அப்படியும் உன் கையெழுத்தைவிட அழகாக இருக்கிறது பார். போனில் சொன்னால் நீ கத்துவாய், வார்டில் பாவம் எல்லாரும் தூங்குகிறார்கள்.

பயப்படாதே. வலது தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பிக் கட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. டீ என்றேன். அவன் நிறுத்தவில்லை. மறுபடி டீ என்றேன். நிறுத்தவில்லை. எல்லாரையும் ஓடச் சொன்னேன். அப்புறம்தான் அவன் கை லீவரை விட்டது. கை விட்டால் கிரேன் நின்றுவிடும், ஆனால் தொங்குகிற சரக்கு நிற்காது, வீசி ஆடும். ஆட்டத்தை அடக்க லீவரைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அவனால் பிடிக்க முடியவில்லை. கட்டின் முனை என்னை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனது. சோம்பேறி அன்றைக்கு எப்படிக் குதித்தேன் என்று நீ பார்த்திருக்க வேண்டும்.

சிக்னல் என் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சோம்பேறி என்று ஏற்கெனவே பேர் இருப்பதால் எல்லாரும் உடனே நம்பிவிட்டார்கள். வேலை இருக்காது. தம்பியைத் திட்டாதே. அவன் ஏணியில் இறங்கி வந்து சேர வெகுநேரம் ஆனது. அடுத்த வாரம் வந்துவிடுகிறேன்.

நீ எப்போதும் திட்டும்,
நான்


ஜூன் 12

தம்பி,

போன் போடுவேன் என்று சொன்னவள் போடவில்லை. மாதக் கடைசி வந்தபோது, இன்னும் ஒரு வாரம் பொறுப்போம், அவனே சொல்வான் என்று இருந்துவிட்டேன். என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சிக்னல் தப்பு என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீ என்ன எழுதிக் கொடுத்தாய்?


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மருமகளும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானால் கையைத் தூக்க முடிகிறதா? கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போடாமல் விட்டேன், அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததே அவர் எழுதியதற்குச் சாட்சியாகிவிட்டது. விசாரணை முடியும் வரை ஏற வேண்டாம் என்று கீழே உட்காரவைத்தார்கள். அப்புறம் மறுபடி கிரேனில் ஏறச் சொன்னார்கள். ஏணியில் கை வைத்தேன், அக்கா. ஏறவும் தொடங்கிவிட்டேன். கீழே புதிதாக வந்த சிக்னல்காரர் கொக்கிக்கு நேர் கீழே நின்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. இறங்கி வந்துவிட்டேன்.

மத்தியானம் வரை காத்திருந்து சூப்பர்வைசர் அறைக்குப் போனேன். கையை நீட்டினேன். எதற்கு என்று தெரியாமலே குலுக்கினார். இறுக்கிப் பிடித்தேன். "என்னப்பா, இப்படிப் பிடிக்கிற? என் கையவிட ஸ்ட்ராங்கா இருக்கு!" என்றார். "விடாதீங்க சார். இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் விரல்கள் ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து நழுவின. நான் விடவில்லை, அவையாக நழுவின. "இதுதான் சார் அன்னைக்கு நடந்துச்சு. சிக்னல் சரியாத்தான் வந்துச்சு. ரெண்டு தடவ நிறுத்தச் சொன்னாரு. நிறுத்தினா நோயாளின்னு ஆயிடுமேன்னு நான்தான் நிறுத்தல" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். அத்தான் எழுதிய தாளை எடுத்துக் கிழித்தார். தோள் கூடினதும் அத்தான் வேலைக்கு வரலாமாம். எனக்கு இனி மேலே வேலை இல்லை. கீழே ஏதாவது இருக்கிறதா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. டாக்டர் மருந்து தொடங்கியிருக்கிறார். இழந்ததைத் திருப்பித் தராது, மேலே இழக்காமல் பார்க்கும் என்கிறார். தினமும் கொஞ்சம் பயிற்சி, நடுநடுவே ஓய்வு.

இன்னொன்று. வாசலில் இருக்கும் டீக்கடைக்காரர் கணக்கை முடிக்கக் கூப்பிட்டார். "உங்க அத்தான் ஒரு நாளும் குடிச்சதில்ல தம்பி. வாங்கிட்டுப் போயி மணல்ல ஊத்திட்டு டம்ளர நல்லா கழுவிக் கொண்டாந்து வைப்பாரு. என் டீ மேல அப்படி என்ன கோபம்னு கேட்டதுக்குச் சிரிச்சாரு" என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அறையைக் காலி செய்கிறேன். உன் வீட்டுக் கூடத்தில் உட்கார மாட்டேன் என்று திமிராக எழுதினேன். இப்போது அங்கே வரலாமா என்று கேட்கிறேன். உங்கள் இருவர் முகத்திலும் விழிக்கலாமா?

உன்,
தம்பி


ஜூலை 19

அன்புள்ள குரங்குத் தம்பிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். அவர் தோளை மெல்லத் தூக்குகிறார். அதையும் பாதியில் நிறுத்திவிட்டுச் சாய்ந்துகொள்கிறார். இந்த முறை அது நிஜமான சோம்பல்தான், எனக்கு வித்தியாசம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று பொய் எழுத எனக்கு வராது. அந்தக் கட்டு இன்னும் ஒரு முழம் இந்தப் பக்கம் ஆடியிருந்தால் இப்போது யார் யாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்போம் என்று தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு நினைக்கிறேன். ஆனால் நீ அந்த ஏணியிலிருந்து இறங்கியதையும் நினைக்கிறேன். வா.

டீ சமாச்சாரத்தைப் படித்துவிட்டுக் கடிதத்தை அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "அந்தாளு டீ நல்லாவும் இருக்காது" என்றார். காபியைத் தவிர வேறெதையும் தொடாத மனுஷன் என்று நானே என் கையால் உனக்கு எழுதினேன். எழுதியவளுக்கு உறைக்கவில்லை. இத்தனை வருஷம் சோம்பேறி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர் எதற்காக உட்கார்கிறார் என்று பார்க்கவே மறந்துவிட்டேன்.

கூடத்தில் ஜன்னல் பக்கம் காற்று வரும், அங்கே உனக்குக் கட்டில் போட்டிருக்கிறோம். இந்த வீட்டுக்கு முதல் தடவையாக டீத்தூள் வாங்கி வைத்திருக்கிறேன். நீ வந்ததும் உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவர் டீ கேட்கத் தயாராக இருக்கிறார். கூடாது என்று சொல்லிவிட்டேன். உனக்காக இன்னொருவர் சொன்னதெல்லாம் போதும். கை தளர்ந்தால், கால் இழுத்தால், இனி டீ என்று சொல்ல வேண்டியவன் நீதான். நீ சொன்னதும் நாங்கள் மூன்று பேரும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவோம். ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டோம்.

ஒன்று மட்டும். கூச்சப்பட்டு முணுமுணுக்காதே. நான் பஸ் சத்தத்தில் பழகியவள், சத்தமாகச் சொன்னால்தான் என் காதில் விழும்.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா